கழிவு மேடு

ரிச்சர்ட் லெவலின் 1939-ல் எழுதிய 'ஹௌ கிரீன் வாஸ் மை வேலி' என்ற நாவலை முதலில் படித்தபோது ரசித்துத்தான் படித்தேன். வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் கதை. வயசான ஹ்யூ மார்கன் ஊரைவிட்டுப் போக மூட்டை கட்டிக்கொண்டே பழசையெல்லாம் நினைத்துப் பார்க்கிறான். சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய கழிவு மேடு வளர்ந்து வளர்ந்து அவன் வீட்டையே அமுக்கப் பார்க்கிறது. போய்விட்ட இளமைக்கு அது ஒரு குறியீடு என்று எடுத்துக்கொண்டேன். எதைப் பார்த்தாலும் குறியீடாகத் தெரிகிற வயசு எனக்கு அப்போது.

அபர்வான் விஷயத்தைத் தெரிந்துகொண்ட பிறகு அப்படிப் படிக்க முடியவில்லை. அதுவும் வேல்ஸ்தான். 1966 அக்டோபர் 21-ந் தேதி காலையில், மலைமேல் கொட்டியிருந்த ஏழாம் நம்பர் மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் இறங்கிவிட்டது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் செத்துப்போனார்கள். 1958-ல் ஊற்றுக்கண்களின்மேல் போட ஆரம்பித்த மேடு அது; ஊற்றுகள் தேசப்படத்திலேயே இருந்தன. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இப்படிக் கொட்டுவது ஆபத்து என்று நகரசபை எஞ்சினீயர் 1963-ல் எழுதியும் இருந்தார்.

சட்டம் இல்லாத தேசமா அது? சுரங்கங்களுக்கும் கல்குவாரிகளுக்குமாக 1954-ல் பார்லிமெண்டு பெரிய சட்டமே செய்திருந்தது. அடியில் கூரையைத் தாங்குவதற்கு விதி உண்டு, காற்றோட்டத்துக்கு விதி உண்டு. வெளியே கொட்டின மேடு ஊர்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் விதி இல்லை. எட்மண்ட் டேவிஸ் தலைமையில் நடந்த விசாரணை, நிலக்கரி போர்டுதான் பொறுப்பு என்று 1967-ல் சொல்லி, இந்த ஓட்டையையும் காட்டிற்று. மேடுகளுக்கென்று சட்டம் வந்தது 1969-ல். இதற்குள், மிச்ச மேடுகளை அகற்றும் செலவுக்கென்று, ஜனங்கள் அபர்வானுக்காகக் கொடுத்த நிதியிலிருந்தே 1,50,000 பவுன் வாங்கிக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கொடுத்தது 1997-ல்!

சட்டம் செய்தவர்கள் பார்க்காத மேட்டை லெவலின் பதினைந்து வருஷம் முன்னாலேயே பார்த்துவிட்டார். அது சின்னக் காரியம் இல்லை. ஆனால் பார்த்ததை அவர் பாட்டாக்கிவிட்டார் என்பதுதான் என் குறை. கொட்டினவர்களைப் பற்றி ஹ்யூ கசந்து பேசுகிற இடங்கள் உண்டு. அம்மா சமையலும் கோயில் சங்கீதமும் வந்து அவற்றை மூடிவிடுகின்றன. மழை பெய்கிற மாதிரி மேடும் தானாக வளர்கிறது என்று வாசகனுக்குத் தோன்றிவிடுகிறது. ஜான் ஃபோர்டு 1941-ல் எடுத்த படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது. படித்தும் பார்த்தும் எத்தனையோ பேர் அழுதிருப்பார்கள்.

இரண்டாம் தடவை காதல் அத்தியாயங்களைத் தள்ளிக்கொண்டே போய் மேடு வருகிற பக்கங்களை மட்டும் படித்தேன். நாவல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. முன்னைவிட நன்றாகவும் இருந்தது.