ஊர் எது, ஊரில் எங்கே?

நெல்லா லார்சன் 1929இல் எழுதிய 'பாஸிங்' நாவலை இரண்டாவது முறையாகப் படித்து முடித்தேன். சின்னப் புத்தகம்தான். பெங்களூரிலிருந்து காட்பாடி வரும் ரயிலில் பாதி, அமிர்தி வீட்டுத் திண்ணையில் மீதி. முதல் தடவை படிச்சப்போ அது கிளேர் என்ற பெண்ணின் கதையாகத் தெரிந்தது. இந்தத் தடவை அவளுடைய பழைய தோழி ஐரீன் மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்த குறிப்புகள் இவை.

தலைப்பிலுள்ள சொல்லை முதலில் பார்த்துவிடலாம். கறுப்பின வம்சத்தில் பிறந்தவர், தோல் வெளுப்பாக இருப்பதால் வெள்ளையராக நடமாடுவதுதான் பாஸிங். நம்ம பக்கம் 'சாதியை மறைச்சிட்டு இருக்காங்க' என்று சொல்வோம். ஆனால் மறைப்பது என்றால் ஏதோ பொய் சொல்வது போல ஒலிக்கிறது. பாஸிங்கில் பல நேரம் யாரும் பொய்யே சொல்வதில்லை. எதிரில் இருப்பவர் தானாக ஒன்றை நினைத்துக்கொள்கிறார், இவர் அதைத் திருத்துவதில்லை. அவ்வளவுதான்.

கதை இதுதான். கிளேர் ஒரு வெள்ளைக்காரப் பணக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் கறுப்பினம் என்று கணவன் பெல்யூவுக்குத் தெரியாது. கறுப்பர்கள் என்றாலே அவனுக்கு வெறுப்பு. ஐரீன் அப்படி இல்லை. நியூயார்க்கில் ஹார்லெமில் கறுப்பின டாக்டரின் மனைவியாக, சங்கம், நடன விழா என்று மரியாதையாக வாழ்கிறவள். கிளேர் செய்வது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இருவரும் பல வருஷம் கழித்துச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள்: சிகாகோவில் வெள்ளையருக்கான ஒரு ஹோட்டலின் மொட்டை மாடி. வெயில் தாங்காமல் ஐரீன் அங்கே உட்கார்ந்து குளிராக டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். எப்படி உள்ளே போனாள்? அவளும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வெள்ளைக்காரிதான்! பக்கத்து மேஜைப் பெண் தன்னையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு, கண்டுபிடித்துவிட்டாளோ, எழுப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அவளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பெண்தான் கிளேர்.

லார்சன் இதைப் பெரிதுபடுத்தாமல் சொல்லிக் கடந்துவிடுகிறார். எனக்கு நாவலின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. முழு நேரமாகச் செய்கிறவளைப் பகுதி நேரமாகச் செய்கிறவள் தீர்ப்புச் சொல்கிறாள்.

அந்த மாடியிலேயே ஐரீனுக்கு இன்னொரு நினைப்பும் வருகிறது. நகம், உள்ளங்கை, காது, பல் இதையெல்லாம் பார்த்து இனத்தைச் சொல்லிவிடலாம் என்று வெள்ளையர்கள் நம்புகிறார்களே, என்ன முட்டாள்தனம் என்று. சட்டமும் கிட்டத்தட்ட இதே முட்டாள்தனத்தில்தான் இருந்தது. ஒரு துளி கலப்பு இருந்தாலும் வெள்ளையர் இல்லை என்று வர்ஜீனியா மாநிலம் 1924இல் சட்டம் போட்டது. அடுத்த வருஷமே நியூயார்க் மாநிலத்தில் ரைன்லாண்டர் வழக்கு. பணக்கார வீட்டுப் பையன், மனைவி தன் இனத்தை மறைத்து ஏமாற்றிவிட்டாள் என்று திருமணத்தை ரத்து செய்யக் கேட்டான். நடுவர் குழு பார்க்கட்டும் என்று அந்தப் பெண்ணின் உடையை விலக்கித் தோலைக் காட்ட வைத்தார்கள். கடைசியில் அவள் பக்கம்தான் தீர்ப்பு வந்தது. நாவலிலும் இந்த வழக்கு ஒரு வரியில் வந்து போகிறது.

நம்ம ஊரில் நகத்தைப் பார்த்து ஒன்றும் ஆகாது. அதனால்தான் நாம் கேள்வி கேட்கிறோம். எந்த ஊர்? ஊர்ல எங்க? அப்பா என்ன பண்றார்? குலசாமி எது? ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பாசமான விசாரிப்பு. வரிசையாக வந்தால் வடிகட்டி.

பாமாவின் 'கருக்கு' (1992) நூலில் இந்த வரிசை அப்படியே இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஊரைக் கேட்கிறாள், தெருவைக் கேட்கிறாள், பதில் வந்ததும் வேறு இடம் பார்த்துப் போய்விடுகிறாள். வீட்டில் சொன்னால், வேற சாதின்னு சொல்லிட்டுப் போயேன், அவங்களுக்கு எங்க தெரியப்போகுது என்று அம்மாவே யோசனை சொல்கிறார். பாமா மறுக்கிறார். பலர் பாமாவின் மறுப்பைப் பற்றி எழுதுகிறார்கள், சரிதான். எனக்கு அந்த அம்மாவும் முக்கியம். அவர் கோழை இல்லை, உட்கார ஒரு சீட்டு வேண்டும் என்று நினைக்கிறவர். ஐரீனுக்கு ஒரு டீ வேண்டியிருந்தது போல.

அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர். ஹார்லெமை ஒட்டிய இடம். திரும்பி வந்து பரோடாவில் வேலைக்குச் சேரப் போனபோது தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில், நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகைக்கு, பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு பத்துப் பன்னிரண்டு பேர் வந்து, நீ யார் என்று கேட்டார்கள். அன்று ஒரு பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அவரது குறிப்புகளில் இது வருகிறது. அவர் அதை வீரமாகவும் சொல்லவில்லை, வெட்கமாகவும் சொல்லவில்லை. தமிழில் தலித் எழுத்து பெரும்பாலும் பாமாவின் வழியில், பெயரைத் திறந்து வைத்து எழுதியது. எங்க பேரணாம்பட்டுக்காரர் அழகிய பெரியவன் 'வல்லிசை'யில் பறையையே நடுவில் வைத்தார். அந்த நிமிர்வு தேவையாக இருந்தது. ஆனால் ஐ.டி. கம்பெனியில், அபார்ட்மெண்டில், வாய் திறக்காமல் காலம் தள்ளுகிற ஐரீன்களுக்கு நம்மிடம் நாவல் குறைவு.

என்னைச் சொல்கிறேன். அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை செய்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுத்து முடி வழிக்கிற வேலை. பெங்களூரில் யாராவது கேட்டால் 'லெதர் எக்ஸ்போர்ட்ல இருந்தார்' என்பேன். பொய் இல்லை, அந்தத் தோல் ஏற்றுமதிக்குத்தான் போனது. கேட்டவர் என்னை முதலாளி வீட்டுப் பையன் என்று நினைத்துக்கொண்டால் நான் திருத்தியதில்லை. ஆம்பூர் என்றால் பிரியாணிக்கு அடுத்து அப்பாவைப் பற்றிய கேள்வி வரும். அமிர்தி என்றால் வராது. 'ஓ, அந்த ஃபால்ஸ், ஜூ இருக்கே' என்பதோடு முடிந்துவிடும். அம்மா ஊர் எனக்கு ரொம்ப உதவியாக இருந்திருக்கிறது.

அதனால் பெல்யூ வீட்டு டீ காட்சியை என்னால் வேகமாகப் படிக்க முடியவில்லை. மனைவியும் தோழியும் யார் என்று தெரியாமல் அவன் கறுப்பர்களைத் திட்டுகிறான். ஐரீன் சிரிக்கவும் செய்கிறாள். கிளேரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சும்மா இருந்ததாக அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். மதியச் சாப்பாட்டு மேஜையில் கோட்டாவில் வந்தவர்களைப் பற்றிப் பேச்சு ஓடும்போது நானும் டப்பா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் யாரைக் காப்பாற்றினேன் என்று தெரியவில்லை.

நாவலில் எனக்குக் குறையும் உண்டு. கடைசிப் பகுதியில் தன் கணவனுக்கும் கிளேருக்கும் தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகம் வந்து, இனப் பிரச்சினை பொறாமைக் கதைக்குள் பாதி மறைந்துவிடுகிறது. ஐரீன் வீட்டு வேலைக்காரி ஜுலீனா கறுத்த தோல்காரி, அவளுக்கு நாவலில் கதவு திறப்பதும் பரிமாறுவதும்தான். மறைத்துக்கொள்ளும் வசதியே சிலருக்குத்தான் என்பது லார்சனுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம். ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து கிளேர் விழுவதை முதல் முறை மழுப்பல் முடிவு என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தள்ளினாளா, தானாக விழுந்தாளா என்பதைவிட, கிளேர் இல்லாமல் போனால்தான் ஐரீனின் பாதுகாப்பான வாழ்க்கை பழையபடி நிற்கும் என்பதுதான் அங்கே கேட்கிறது. ரெபேக்கா ஹால் 2021இல் இதைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். அவருடைய தாய்வழிக் குடும்பத்திலேயே இப்படி வெள்ளையராக வாழ்ந்தவர்கள் உண்டு.

போன மாசம் எங்க டீமில் ஒரு பையன் புதுசாகச் சேர்ந்தார். பேச்சிலேயே நம்ம பக்கம் என்று தெரிந்தது. எந்த ஊர் தம்பி என்று கேட்டேன்.

"வேலூர்ப் பக்கம் சார்."

"வேலூர்ல எங்க?"

"அங்கதான் சார், பக்கத்துல" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். என் ஊர் எது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.