வெறுங்கால் கென்: ஒரு சித்திரக் காவியம்

சித்திரக்கதை என்றாலே சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் நம்மில் பலர். அவ்வெண்ணத்தை மாற்ற வல்லது, கெய்ஜி நகாசாவா 1973-இல் வரையத் தொடங்கிய 'வெறுங்கால் கென்' என்னும் ஜப்பானிய மாங்கா. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது ஆசிரியருக்கு வயது 6. தந்தை, தமக்கை, தம்பி மூவரையும் அன்றே இழந்தார். அத்துயரமே கதையாயிற்று.

இடிந்த வீட்டினடியில் சிக்கிய மூவரும் தீக்கிரையாவதைத் தாயும் மகனும் காணும் பகுதி நெஞ்சை உலுக்கும். ஆயினும் நூலின் பெருமை அழுகையில் இல்லை, நேர்மையில் உள்ளது. குண்டு வீசியவரைச் சாடும் ஆசிரியர், போர்வெறி கொண்ட தம் நாட்டு ஆட்சியாளரையும் விடவில்லை. போரை எதிர்த்த தந்தையைத் துரோகி எனத் தூற்றும் அயலாரையும், அங்கு வாழ்ந்த கொரியர் பட்ட இழிவையும் மறைக்கவில்லை.

அடிக்கடி நிகழும் கைகலப்பும் மிகையான முகபாவங்களும் குறைகளே. எனினும், மிதிபட்டும் நிமிரும் கோதுமைப் பயிரை வாழ்வுக்கு உவமையாக்கிய திறம் அவற்றை மறக்கச் செய்கிறது.

2023-இல் ஹிரோஷிமா மாநகரக் கல்வித்துறை இதனைத் தொடக்கப்பள்ளி அமைதிப் பாடத்திலிருந்து நீக்கியது. பள்ளியில் இடமிழந்த நூலுக்கு நம் இல்லங்களில் இடமளிப்போம். வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோரும் உடனமர்ந்து படித்தல் நன்று.