குடமும் ஓலையும்

குடவோலையில் தொடங்காத தேர்தற் பேச்சு நம் மாணவரிடம் அரிது. தேசிய வாக்காளர் தினமாக 2011 முதல் கொண்டாடப்பெறும் சனவரி 25ஆம் நாளையொட்டி நடக்கும் போட்டிகளில், பெரம்பலூராயினும் அரியலூராயினும், உத்தரமேரூரின் பெயர் சொன்னதும் கரவொலி எழுகிறது. பெருமை பேசுவதில் நமக்கு வருத்தமில்லை. படித்துப் பாராமற் பேசுவதே வருத்தம்.

முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் கூறுவது யாது? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் உடையவன் பெயரே ஓலையில் ஏறும். பின்னைய கல்வெட்டின்படி அவன் வயது 35க்கு மேல், 70க்குள் இருத்தல் வேண்டும். அதுவோ அந்தணர் ஊர்ச்சபை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கு இடமில்லை. மேடையில் முழங்கும் 18 வயதுப் பேச்சாளர் அவ்வூரிற் பிறந்திருப்பின், இன்னும் 17 ஆண்டுகள் வாய்மூடி நின்றிருப்பார். மேலும், அது வாக்கன்று, திருவுளச் சீட்டு. விவரம் அறியாச் சிறுவன் ஒருவன் குடத்துள் கைவிட்டு ஓலையை எடுப்பான். இளமைக்கு அச்சபை ஒதுக்கிய பணி அவ்வளவே.

அகநானூற்று 77ஆம் பாட்டையும் சான்றாகக் காட்டுவர். மருதன் இளநாகனார் அதிற் செய்த உவமையை எவரும் சொல்லக் கேட்டிலோம். போரில் வீழ்ந்த வீரரின் குடரை எருவைப் பறவை பிடுங்கி இழுக்கிறது. கயிறு கட்டி முத்திரையிட்ட குடத்தினின்று அலுவலர் ஓலைகளை எடுப்பது போல என்கிறார் புலவர். தமிழில் ஓலைக்குடம் இடம்பெறும் இப்பழைய காட்சி பாலை நிலத்துக் கொடுங்காட்சி. பெருமைக்கு மட்டும் இதனை எடுத்தாளுதல் புலவருக்குச் செய்யும் நீதியாகாது.

வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது 1988ஆம் ஆண்டின் 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம். இளையோரை நம்பலாமா என்ற வினா நம் வரலாற்றிலும் எழுந்ததே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி நாட்களில் உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களைப் படைத்தலைவராக்கினார்கள். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டியே இருந்தது; தந்தையோ அடிமைத்தளையினின்று விடுவிக்கப்பெற்றவர். முணுமுணுப்பு எழுந்தபோது, நோயுற்ற நிலையிலும் நாயகம் அவர்கள் மக்கள்முன் வந்து அந்நியமனத்தை உறுதிப்படுத்தினார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களும் அதனை மாற்றவில்லை. வயதும் குலமும் ஒருசேரத் தடையாகக் காட்டப்பட்டு, ஒருசேர விலக்கப்பட்ட நிகழ்ச்சி அது.

இனி, நமக்கு அருகிலுள்ள குடத்துக்கு வருவோம். 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நாள். சிதம்பரம் தனித் தொகுதியில், அரியலூர் மாவட்டத்து அங்கனூரிற் பிறந்த தொல். திருமாவளவன் அவர்களுக்குச் சின்னம் பானை. அன்று அதே மாவட்டத்துப் பொன்பரப்பியில் ஆதிதிராவிடர் குடியிருப்பு தாக்கப்பட்டது; வீடுகள் நொறுக்கப்பட்டன. சாலையில் பானை உடைக்கப்பட்டதையொட்டித் தகராறு மூண்டதென நாளிதழ்கள் எழுதின. முடிவில் வெற்றியையும் தோல்வியையும் பிரித்தவை 3,219 வாக்குகளே.

ஆயிரம் ஆண்டுக்கு முந்திய குடத்தைப் பாடும் நம் மாணவர், தம் மாவட்டத்தில் உடைந்த பானையைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவர்கள் அறியாமலில்லை. பேச்சை எழுதிக் கொடுக்கும் நம்போன்ற ஆசிரியரே வம்பு வேண்டாமென அதனை விலக்குகின்றனர். பிறர் சண்டை நமக்கெதற்கு என்று முஸ்லிம் வீடுகளிலும் சொல்லப்படுவதுண்டு. பொன்பரப்பியும் லெப்பைக்குடிகாடும் குன்னம் என்னும் ஒரே சட்டமன்றத் தொகுதியைச் சார்ந்தவை என்பதை அவ்வீட்டார் நினைப்பதில்லை.

லெப்பைக்குடிகாட்டு இளைஞர் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கின்றனர். அயல்நாட்டிலுள்ள குடிமக்கள் தம் பெயரைப் பதியலாமென 2010இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆயின் வாக்களிக்க நேரில் வந்தாக வேண்டும். ஒரு வாக்கின் விலை ஒரு விமானச் சீட்டு! இவ்விளைஞரின் தம்பி தங்கையரே கட்டுரைப் போட்டிகளுக்கு எழுதுவோர். அண்ணன் பெயர் பட்டியலில் உள்ளதா, அவர் ஏன் வர இயலவில்லை, வந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பார் என்று ஒருவரேனும் எழுதின், அதனை வரிவிடாமற் படிக்கக் காத்திருக்கிறோம்.