குறுக்கே எழுதிய பெயர்

படத்தை இணையத்தில் போடுவதற்கு முன் அதன் குறுக்கே பெயரை எழுதிவிடு என்பதுதான் இளம் ஓவியர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை. வாட்டர்மார்க் போடும் இந்த வழக்கத்துக்குப் பணம் வேண்டாம், வக்கீல் வேண்டாம், கைப்பேசியிலேயே வேலை முடிந்துவிடும். அதனால் யாரும் கேள்வி கேட்காமல் பின்பற்றுகிறார்கள். என் கணிப்பில், திருட்டைத் தடுக்கும் பூட்டாக இது மிகவும் பலவீனமானது; படம் யாருடையது என்பதற்குச் சாட்சியாக மிகவும் வலுவானது. பூட்டு என்று நம்பிப் போடுகிறவர்கள் படத்தையும் கெடுத்துக்கொண்டு சாட்சியையும் கைநழுவ விடுகிறார்கள்.

பலவீனத்தை முதலில் பார்த்துவிடலாம். படங்களை விற்கும் தளங்கள் ஆயிரக்கணக்கான படங்களின் மேல் ஒரே முத்திரையை ஒரே மாதிரி பதிக்கின்றன. அப்படிப்பட்ட படங்களை மொத்தமாகக் கணினியிடம் கொடுத்தால், எல்லாவற்றிலும் மாறாமல் வருவது எது என்று கண்டுபிடித்து, முத்திரையைத் தனியே பிரித்தெடுத்து, அடியில் இருக்கும் படத்தை ஏறக்குறைய அப்படியே மீட்டுவிடும் என்று 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒவ்வொரு படத்திலும் முத்திரையைச் சற்றே நெளித்து வைத்தால் அழித்த இடம் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் அவர்களே சொன்னார்கள். நம் ஓவியர்கள் செய்வதோ நேர்மாறு. பெயரை ஒரு கோப்பாகச் செய்துவைத்துக்கொண்டு, வருடக்கணக்காக எல்லாப் படங்களிலும் அதே மூலையில் அதையே ஒட்டுகிறார்கள்.

இன்றைக்கு அவ்வளவு கணக்குகூடத் தேவையில்லை. கைப்பேசியில் படம் திருத்தும் செயலியைத் திறந்து எழுத்தின் மேல் விரலால் தேய்த்தால் போதும். நீர்வண்ணத்தில் தீட்டிய ஒரு கிணற்றடிப் பெண்ணின் படத்தை எடுத்துக்கொள்வோம். வெளிறிய வானத்தின் மேல் எழுதிய பெயர் ஓரிரு தேய்ப்பில் தடயமில்லாமல் போய்விடும்; பக்கத்து நீலத்தை எடுத்துச் செயலி நிரப்பிவிடும். அதே பெயர் கொண்டையில் சுற்றிய மல்லிகைச் சரத்தை ஒட்டியோ, சேலையின் கட்டம் போட்ட கரைக்குள்ளோ இருந்தால் வேலை அவ்வளவு சுலபமில்லை. மொட்டுகள் ஒன்றோடொன்று குழையும், கட்டங்கள் கோணலாகும், யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரியும். செயலிகள் ஆண்டுக்காண்டு தேறிவருவது உண்மைதான். ஆனாலும் வெற்று வானத்துக்கும் மல்லிகைச் சரத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு மறையவில்லை. படம் கெடக்கூடாது என்று பெரும்பாலோர் வெற்றிடமாகப் பார்த்துத்தான் பெயரை வைக்கிறார்கள். திருடுகிறவருக்கு அதைவிட வசதி வேறில்லை.

இன்னொரு சாரார் முகத்தின் மேலேயே பெரிதாகப் போட்டுவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒரு உருவப்படத்தில் கண்களுக்காக ஓவியர் எத்தனை மணி நேரம் செலவழித்திருப்பார்! அந்தக் கண்களைத்தான் எழுத்து மறைக்கிறது. படத்தைப் பார்த்து வேலை கொடுக்க வருகிறவரும், வாங்க நினைக்கிறவரும் அந்த எழுத்தைத் தாண்டித்தான் படத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. திருடுகிறவர் அதை அழித்துவிட்டுப் போய்விடுகிறார். மொத்தத் தண்டனையும் நேர்மையான பார்வையாளருக்கு.

இத்தனை குறை இருந்தும் இந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். காரணம், பெயருக்கு இருக்கும் பலம் மிகப் பழையது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் மரச்செதுக்குப் படங்களை இத்தாலியில் மார்க்கந்தோனியோ ராய்மொண்டி என்பவர், ‘ஏ’, ‘டி’ என்ற டியூரரின் எழுத்து முத்திரையோடு சேர்த்தே நகலெடுத்து வெளியிட்டார். டியூரர் வெனிஸ் நகர ஆட்சியாளர்களிடம் முறையிட்டார் என்றும், முத்திரையை இனிப் போடக்கூடாது என்ற உத்தரவு மட்டுமே அவருக்குக் கிடைத்தது என்றும் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி குறித்துவைத்திருக்கிறார். படத்தைக் காக்க முடியாத இடத்தில் பெயரையாவது காக்க முடிந்தது. 2025 நவம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் தீர்ப்புச் சொன்னபோதும் நடந்தது இதேதான். வழக்குத் தொடுத்த, படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம் பதிப்புரிமை வாதத்தில் தோற்றது. ஸ்டெபிலிட்டியின் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய சில படங்களில் கெட்டியின் முத்திரை சிதைந்த வடிவில் தலைகாட்டியிருந்தது. சிறிய அளவிலேனும் கெட்டி வென்றது அந்த முத்திரை விஷயத்தில்தான்.

கெட்டியிடம் பதிவுபெற்ற வணிகக்குறி இருந்தது. தனி ஓவியர் ஒருவரிடம் அது இராது. ஆனால் நம் நாட்டுச் சட்டம் அவருக்கு வேறொரு பிடி கொடுத்திருக்கிறது. அதைப் பலர் அறியாமல் இருப்பதுதான் என் ஆதங்கம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 65பி பிரிவின்படி, படைப்பாளியின் பெயர் போன்ற உரிமைத் தகவலை அனுமதியில்லாமல், தெரிந்தே அகற்றுவது தனிக் குற்றம். இரண்டு ஆண்டுவரை சிறை, அதோடு அபராதம். ‘தெரிந்தே’ என்ற நிபந்தனை முக்கியமானது. ஓரத்தில் மங்கலாகக் கிடக்கும் பெயர் வெட்டுப்பட்டால், சதுரமாக வெட்டும்போது தானாகப் போய்விட்டது என்று ஒருவர் வாதாடலாம். சேலைக் கரையின் நடுவே இருந்த பெயரைத் தேய்த்து அழித்தவர் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே பெயர் சிறிதாக, படத்தின் அடர்த்தியான பகுதிக்குள், ஓவியரின் கையெழுத்தாகவே அமைவது நல்லது. பெயர் அழிந்துபோனாலும் அழித்த செயலே அவருக்குச் சாட்சியாகும். மூலக் கோப்பும் பென்சில் ஓவியமும் பத்திரமாக இருந்தால் சாட்சி இன்னும் உறுதிப்படும்.

திருடும் நோக்கமே இல்லாதவர்களிடம்தான் பெயர் அதிகம் வேலை செய்கிறது. 2021இல் கொரோனாவுக்குப் பலியான ஓவியர் எஸ். இளையராஜாவின் கிராமத்துப் பெண்கள் ஓவியங்களை முகநூலிலும் வாட்ஸப்பிலும் பார்க்காத தமிழர் குறைவு. பகிர்ந்தவர்களில் பலர் அவற்றைப் புகைப்படம் என்றே நினைத்தார்கள். அவர்கள் எவர் பிழைப்பையும் கெடுக்க நினைத்தவர்கள் அல்லர். பிடித்திருந்தது, அனுப்பினார்கள். அப்படிப்பட்டவர்கள் கையில் படத்தோடு பெயரும் சேர்ந்து பயணித்தால் ஓவியரைத் தேடி நாலு பேர் வருவார்கள். கோப்புக்குள் மறைவாக எழுதிவைக்கும் பெயர் இதற்கு உதவாது. வாட்ஸப்பில் புகைப்படமாக அனுப்பினாலே அந்தத் தகவல் உதிர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் பெயர்தான் ஊர் போய்ச் சேரும்.

அச்சடித்து விற்கிறவரைத் தடுக்க வாட்டர்மார்க்கைவிடப் படத்தின் அளவு பயன்படும். 1080 பிக்சல் அகலமுள்ள படம் கைப்பேசியில் அழகாகத் தெரியும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்தில் அது மூன்றரை அங்குலத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஓவியப் பாணியை இயந்திரம் கற்காமல் தடுக்கச் சிகாகோ பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட கிளேஸ் மென்பொருளும் இருக்கிறது. அதைச் சுற்றிப்போகும் வழிகளையும் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். முற்றாக நம்பிவிட வேண்டாம் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வாட்டர்மார்க் அறவே பயன்படாத இடம் துணி வடிவமைப்பு. ரவிக்கைக்கு ஆரி வேலைப்பாடு வரைகிறவர்கள், டி-சர்ட்டுக்குப் படம் போடுகிறவர்கள் தங்கள் படத்தின் மேல் பெயர் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நகலெடுப்பவருக்கு அந்தப் படம் தேவையில்லை. வடிவத்தைப் பார்த்து மறுபடி வரைந்துகொள்வார். சட்டமும் இங்கே வேறு மாதிரி நடக்கிறது. வடிவமைப்பாகப் பதிவு செய்யத் தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அதில் பதிப்புரிமை போய்விடும். சரி, பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்றால் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது: விண்ணப்பத்துக்கு முன்பே உலகில் எங்காவது வெளியான வடிவமைப்பைப் பதிவு செய்ய முடியாது. இன்ஸ்டாகிராமில் போட்டதும் வெளியீடுதான். பதிவு கிடைத்தால் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் உரிமை நிற்கும். இந்தத் துறையில் இருப்பவர்கள் விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை புதிய வடிவத்தை யாருக்கும் காட்டாமல் இருப்பதே நல்லது, வாடிக்கையாளர்களின் வாட்ஸப் குழு உட்பட.