மூன்று படங்கள்: சில குறிப்புகள்

அண்மையில் பார்க்கக் கிடைத்தவற்றுள் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' (1972) பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. புதையலுக்காக மனைவியைப் பலியிடுபவனின் வீழ்ச்சியில் நொடிந்துபோன ஒரு வர்க்கத்தின் அழுகலைக் காண்கிறோம்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979), புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட படம். கொடியவனை ஆற்றில் இறங்கச் செய்யும் ஊராரும் அவனைப் போலாகிவிடுகின்றனர் என்னும் அம்முடிவு, தண்டனைக் காட்சிக்குக் கைதட்டிப் பழகிய நம்மை நாணச் செய்கிறது.

எனினும், நம்மோடு நேரே வழக்காடும் படம் தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி'யே (1977). எழுதியவர் காவலூர் இராசதுரை; பொருள், யாழ்ப்பாணத்துச் சீதனமும் சாதியும். படம் மிக மெதுவாக நகர்கிறது என்பர். மணமாகாத மூத்த பெண் இருக்கும் வீட்டில் காலம் வேறெவ்வாறு நகரும்? பேச்சடங்கிய அக்காட்சிகளே சீதனத்தின் கொடுமையை உரைக்கின்றன. குறையும் உண்டு: பொன்மணியின் உள்ளம் நமக்குப் பிடிபடுமுன்னரே அவள் துணிந்துவிடுகிறாள். அதனால் அவளது மரணம் அதிர்ச்சி தருமளவுக்குத் துயர் தரவில்லை. ஆயினும், படம் திரையரங்குகளில் நிலைக்காமற் போனதற்கு இக்குறை காரணமன்று. சிங்கள நெறியாளர் ஒருவர் நம் முற்றத்தில் நின்று கண்டதை, சென்னைப் படங்களில் ஊறிய நம் இரசிகர் காண விரும்பவில்லை.