துளசி என்ன ஆனாள்?

எலிசபெத் கில்பர்ட் எழுதிய 'ஈட், பிரே, லவ்' புத்தகத்தை முடித்த அன்று என் மாணவி ஒருத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மேடம், துளசி என்ன ஆனா?"

அவளுக்கு வயது 19. கடையநல்லூரில் என் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் ஐந்தாறு பேர் கூடிப் புத்தகம் படிப்பது எங்கள் வழக்கம். ஆங்கிலத்தில் படிப்போம், தமிழில் பேசுவோம். அந்த மாதம் மட்டும் அவளைப் பெண் பார்க்க இரண்டு வீட்டார் வந்து போயிருந்தார்கள். அதனால் அவள் கேட்டதை வெறும் கதைக் கேள்வியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பதில் தேடிப் பக்கங்களைப் புரட்டினேன். அதில் பதில் இல்லை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006இல் வந்த புத்தகம் இது. பல நாடுகளில் பெண்கள் கைக்குக் கை மாற்றிப் படித்தார்கள். 2010இல் ஜூலியா ராபர்ட்ஸ் நடித்துத் திரைப்படமாகவும் வந்தது. முப்பதைத் தாண்டிய ஓர் அமெரிக்க எழுத்தாளர் நள்ளிரவில் குளியலறைத் தரையில் கிடந்து அழுவதில் அவருடைய தேடல் தொடங்குகிறது. வீடு இருக்கிறது, கணவர் இருக்கிறார். இந்தத் திருமணமும் பிள்ளைப்பேறும் தனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. மணமுறிவுக்குப் பிறகு இத்தாலியில் நான்கு மாதம், இந்தியாவில் ஓர் ஆசிரமத்தில் நான்கு மாதம், இந்தோனேசியாவின் பாலித் தீவில் நான்கு மாதம் தங்குகிறார். ஜெபமாலையின் 108 மணிகளைப்போல 108 சிறு கதைகள், நாட்டுக்கு 36.

முதலில் இதன் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். இது சிரிக்கவைக்கிற புத்தகம், அதுவும் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிற புத்தகம். தியானத்தில் உட்கார்ந்தால் மனம் ஒரு நிமிடம் நிற்க மாட்டேன் என்கிறது. விடியற்காலையில் 182 சுலோகங்கள் கொண்ட குருகீதையைப் பாடச் சொன்னால் வெறுப்பு வருகிறது. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை நிரப்புவதைப் பார்த்து டெக்சாஸ்காரர் ஒருவர் 'மளிகைச் சாமான்' என்று பட்டப்பெயர் வைக்கிறார். எதையும் அவர் மறைப்பதில்லை.

ஞானம் தேடிக் கிழக்கே வந்து எழுதிய வெள்ளைக்காரர்களின் வரிசை நீளமானது. பால் பிரண்டன் 1934இல் வெளியிட்ட புத்தகம்தான் திருவண்ணாமலை ரமணரை மேற்கில் பலருக்கு அறிமுகப்படுத்தியது. அங்கே தேடுகிறவர் ஆண், கடைசியில் அவர் கண்டடைகிற குருவும் ஆண். கில்பர்ட்டிடம் தேடுகிறவள் பெண், அவள் வணங்கும் குருவும் பெண். கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இல்லாமல் தனக்காக மட்டும் சாமியிடம் போகிற பெண்! நம் வீடுகளில் ஒரு பெண்ணின் பக்தி பெரும்பாலும் வேறு யாருக்காவது நேர்ந்துகொண்ட விரதமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் என் மாணவிகளுக்கு இந்தப் புத்தகம் பிடித்தது. எனக்கும் பிடித்தது.

பிறகுதான் துளசி வருகிறாள். ஆசிரமத்தில் கில்பர்ட்டுடன் சேர்ந்து கோயில் தரையைத் தேய்த்துக் கழுவுகிற உள்ளூர்ப் பெண். 17 வயது. மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கம் சிலந்தி வலைபோல விரிசல் விட்டிருக்கிறது. ராக் இசை பிடிக்கும், நிறையப் பேசுவாள். 18 ஆனதும் கல்யாணப் பேச்சு வந்துவிடும் என்பதுதான் அவள் பயம். ஒரு பெண் எந்தெந்தக் காரணங்களால் கல்யாணச் சந்தையில் விலைபோகாமல் போவாள் என்று அவளே பட்டியல் போடுகிறாள்: ஜாதகம் சரியில்லை, வயது கூடிவிட்டது, நிறம் கறுப்பு, படிப்பு அதிகம். வேடிக்கையாகத்தான் சொல்கிறாள். அந்த இடத்தைப் படித்தபோது எங்கள் திண்ணையில் யாரும் சிரிக்கவில்லை. பட்டியலில் ஆளுக்கொன்று அவர்களுக்கும் இருந்தது.

புத்தகம் அதற்குமேல் துளசியோடு போவதில்லை. இந்தியப் பகுதியின் உச்சமாக வருவது மொட்டைமாடியில் நடக்கும் ஒரு காட்சி. முன்னாள் கணவரை மனத்தால் வரவழைத்து, மன்னித்து, மன்னிப்பும் பெற்று கில்பர்ட் விடைபெறுகிறார். அழகான காட்சிதான். ஆனால் ஒரு திருமணத்திலிருந்து வெளியே வருகிறவளின் கதை முழுதாகச் சொல்லப்படும்போது, திருமணத்துக்குள் தள்ளப்படுகிறவளின் கதை தரை தேய்க்கிற நேரத்துப் பேச்சாக நின்றுவிடுகிறது. இருவரும் தேய்த்தது ஒரே தரை. நான்கு மாதத்தில் ஒருத்தி விமானம் ஏறிவிடுவாள். மற்றவள் அந்தத் தரையை விட்டு எங்கே போவாள்?

கில்பர்ட்டுக்கு அக்கறை இல்லை என்று சொன்னால் அது பொய். கணவனின் அடி உதையிலிருந்து மணவிலக்குப் பெற்று, மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கையில் இருந்ததையெல்லாம் இழந்த வயான் என்ற வைத்தியப் பெண்ணைப் பாலியில் சந்திக்கிறார். நண்பர்களுக்கு மின்னஞ்சல் எழுதி 18,000 டாலர் திரட்டி அவளுக்கு வீடு வாங்கக் கொடுக்கிறார். எனக்குக் குறையாகப் படுவது அவருடைய மனம் அல்ல. இந்த வகைப் புத்தகத்தின் கட்டுமானமே அப்படி. தேடிவருகிறவளுக்குத்தான் அதில் மாற்றம் நடக்கும். இங்கே இருக்கிறவர்கள் அவளுக்கு ஏதாவது தருவதற்காக வருவார்கள். தந்த பிறகு பக்கத்தை விட்டுப் போய்விடுவார்கள்.

பாலியில் கெத்துத் லியர் என்ற முதிய வைத்தியர் அவருக்கு ஒரு படம் வரைந்து தருகிறார். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஓர் உருவம். கால்கள் நான்கு. தலை இருக்க வேண்டிய இடத்தில் இலையும் பூவும். நெஞ்சில் ஒரு சிரித்த முகம். மண்ணில் உறுதியாக நில், தலையால் பார்க்காதே, இதயத்தால் பார் என்பது அதன் பொருள். பயணம் முழுவதற்கும் அந்தப் படம்தான் விதை. பொருளோடு கையில் கிடைத்த ஆன்மிகக் கலை.

இதைப் படிக்கும்போது என் ஆச்சியின் கோலம் நினைவுக்கு வந்தது. ஆச்சி ஐம்பது வருடம் ஒரே வாசலில் கோலம் போட்டவள். ஏழு மணிக்குள் சைக்கிளும் ஆட்டுமந்தையும் அதை அழித்துவிடும். ஒருநாள் எங்கள் தெரு வழியாகப் போன வெளிநாட்டுப் பெண் ஒருவர் நின்று படம் எடுத்தார். கூட வந்தவரை விட்டு இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கச் சொன்னார். ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அர்த்தமா? கோலப்பொடி விலை ஏறிட்டுன்னு அர்த்தம்." அவர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, அந்தப் பெண் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு வீடே சிரித்தது. இப்போது யோசித்தால் ஆச்சியின் பதிலில் வேடிக்கை மட்டும் இல்லை என்று தெரிகிறது. தினமும் குனிந்து வேலை செய்கிறவளிடம் வந்து, உன் வேலைக்கு அர்த்தம் சொல் என்று கேட்டால் வேறு என்னதான் சொல்வாள்?

எங்கள் பக்கத்துப் பெண்கள் தேடவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சங்கரன்கோவில் தலக்கதையே தேடிவந்த ஒரு பெண்ணின் கதைதான். சிவனும் திருமாலும் ஒன்றாக நிற்கும் கோலத்தைப் பார்க்க வேண்டும் என்று தவமிருந்தவள் கோமதி. அவள் பார்த்ததைத்தான் ஆடித் தபசு என்று ஊரே திரண்டு கொண்டாடுகிறது. அவளுக்கு ஆவுடையம்மை என்றும் பெயர் உண்டு.

அந்தப் பெயர் கொண்ட மனுஷி ஒருத்தியும் இங்கே வாழ்ந்தாள். செங்கோட்டை ஆவுடையக்காள். ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன், குழந்தையிலேயே விதவையாக்கப்பட்ட பிராமணப் பெண். வேதாந்தத்தைக் கும்மியாகவும் அம்மானையாகவும் பள்ளாகவும் பாடியவள். அவள் பாட்டுகளைப் பெண்கள்தான் வாய்வழியாக, சமையற்கட்டிலும் கல்யாண வீடுகளிலும் பாடிக் காப்பாற்றினார்கள். அச்சுக்கு வந்தது வெகுகாலம் கழித்து. என் ஆச்சி அக்கிரகாரத்துக்காரி அல்ல, அதனால் அந்தப் பாட்டுகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. நான் புத்தகத்தில்தான் அவளைக் கண்டேன். ஞானத்தின் பாட்டுக்கும் சாதி வாசற்படி போட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அக்காளும் சிரிக்கிறவள். எச்சில், தீட்டு என்று ஒதுக்கிவைக்கிறவர்களைக் கேலி செய்கிறாள், பண்டிதர்களைக் கேலி செய்கிறாள். இரண்டு சிரிப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் எனக்குப் புலப்பட்டது. கில்பர்ட் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அது நல்ல குணம், அதனால் அவருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. பயணத்துக்கான பணத்தைப் பதிப்பகம் முன்கூட்டியே கொடுத்திருந்தது என்று அவரே மறைக்காமல் எழுதுகிறார். அக்காள் தன்னைச் சிறைவைத்த ஒழுங்கைப் பார்த்துச் சிரித்தாள், அதுவும் அதற்குள்ளேயே இருந்துகொண்டு. ஊர் அவளை ஒதுக்கிவைத்தது என்கிறார்கள். கடைசியில் குற்றால மலை ஏறியவள் திரும்பவில்லை என்பது கதை.

பயணமும் இங்கே புதிதல்ல. கடையநல்லூர் முஸ்லிம் பெண்கள் குடும்பத்தோடு கப்பலேறிச் சிங்கப்பூர் போனவர்கள். 1941இலேயே அங்கே கடையநல்லூர்க்காரர்களுக்கென்று முஸ்லிம் லீக் இருந்தது. எங்கள் அடுத்த தெருவில் இருந்த ஒரு பாட்டி, கப்பலில் வாந்தி எடுத்ததையும், இறங்கியதும் மசாலா அரைக்க உட்கார்ந்ததையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு யாரும் முன்பணம் தரவில்லை. அவரோடு அதுவும் போய்விட்டது. எழுதி வைத்திருக்க வேண்டியவள் நான். அப்போது நான் வெளிநாட்டுப் பயண நூல்களைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜெபமாலையில் 108க்கு மேல் ஒரு மணி உண்டு. கில்பர்ட்டும் அதைச் சொல்கிறார், தன் ஆசிரியர்களுக்கு நன்றி சொல்ல அதைப் பயன்படுத்துகிறார். நான் மாணவிகளிடம் 109ஆவது கதையை நீங்கள் எழுதுங்கள் என்றேன், துளசியின் கதையாக. ஒருத்தி துளசியைக் கல்லூரியில் சேர்த்தாள். இன்னொருத்தி அவளை ஓடிப்போக வைத்தாள். கேள்வி கேட்டவள் மட்டும் இரண்டு வாரம் கழித்துத்தான் கொண்டுவந்தாள். அதற்குள் மூன்றாவது வீட்டாரும் வந்து போயிருந்தார்கள்.

அவள் எழுதியது ஒரு பக்கம்தான். அதில் கல்யாணமும் இல்லை, ஓட்டமும் இல்லை. துளசி தரை தேய்த்துச் சேர்த்த காசில் பஸ் ஏறி, டவுனுக்குப் போய், கண்ணாடிக்கடையில் புதுக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறாள். வழியில் தெரிகிற பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வீடு திரும்புகிறாள்.

"மீதியை அப்புறமா எழுதுறேன் மேடம்" என்றாள். நான் காத்திருக்கிறேன்.