கல்வெட்டு இரண்டு: தீவகத்து ஆவணங்கள் பற்றியதோர் ஆய்வு

கல்வெட்டு என்னும் சொல்லுக்கு யாழ்ப்பாணத்தார் வழக்கில் இரு பொருள் உண்டு. அரசர் ஆணையையும் அறக்கொடையையும் கல்லிற் பொறித்த சாசனம் ஒன்று. இறந்தார் ஒருவரின் அந்தியேட்டி நாளில் உற்றார்க்கும் அயலார்க்கும் அச்சிட்டு வழங்கும் சிறுநூல் மற்றொன்று. முன்னது அரண்மனையிற் பிறந்தது. பின்னது வீட்டு முற்றத்திற் பிறந்தது. வரலாறு எழுதப் புகுவார் முன்னதைப் போற்றுதலும் பின்னதைப் பழந்தாள்களோடு ஒதுக்கிவிடுதலும் பெருவழக்கு. அவ்வழக்குத் தகுவதுதானா என்பதைத் தீவகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்ச் சாசனம் ஒன்று உளது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் இதனைப் பதிப்பித்து விளக்கினார். பிறநாட்டார் ஊராத்துறையிலேயே வந்து தங்குதல் வேண்டும்; அவர்க்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும்; யானையும் குதிரையும் கொணரும் கலம் உடையின் காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன; வாணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடையின் இரு பாதியாகப் பகிர்தல் வேண்டும் என்பன அதன் விதிகள். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட மன்னன் இத்துறைக்குரிய ஆணையைத் தமிழிற் பொறிப்பித்தான் என்பதும், குதிரைக்கும் யானைக்கும் தனிச்சலுகை அளித்தான் என்பதும் வரலாற்றாசிரியர்க்கு அரும்பொருள்களாம்.

ஆயினும், இச்சாசனத்தில் இல்லாதது யாது என வினவுதலும் திறனாய்வாளன் கடமையே. பண்டாரம் பேசப்படுகிறது, கலமுடையான் பேசப்படுகிறான். புயலிற் சிதைந்த கலத்தை நோக்கித் தோணி செலுத்தியவர் எவர், கரையேறியவர்க்குக் கஞ்சி வார்த்தவர் எவர் என்பன பேசப்படவில்லை. தீவிலே வாழ்ந்த மக்களில் ஒருவர் பெயரையேனும் இக்கல்லிற் காணோம். அது கல்லின் குற்றமன்று. ஆணை எழுதுவோன் தனக்கு வேண்டியதையே எழுதுவான்.

பின்னர் வந்த ஆட்சியாளரின் ஏடுகளும் இவ்வாறே அமைந்தன. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆனதும், வேலணைத் தீவு லைடன் ஆனதும் அங்ஙனமே. காணியையும் உரியவரையும் தோம்பு என்னும் பதிவேட்டில் எழுதினர். அவர்தம் கும்பனியின் ஆவணத் தொகுதி யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2003ஆம் ஆண்டு இடம்பெற்றது. பராக்கிரமபாகுவின் கல்லிற் பெயரில்லாத மக்கள் தோம்பிலே பெயர் பெற்றனர் என்பது உண்மையே. ஆனால் வரி இறுப்போராகவே பெயர் பெற்றனர். அவர் எதனை நம்பினர், எதற்கு அஞ்சினர், எந்தப் பாட்டைப் பாடித் தொட்டிலை ஆட்டினர் என்பன வரிக்கணக்கில் ஏறா.

அம்மக்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதிவைத்தவை யாவை? இவ்விடத்திலேதான் அந்தியேட்டிக் கல்வெட்டு தன் பெருமையைக் காட்டுகிறது. இறந்தநாளைக் குறிக்கும் திதி வெண்பா, குலமரபு, பிறந்த ஊர், புகுந்த ஊர், மனைவி மக்கள் புலம்பல் என்பன அதன் உறுப்புகள். தென்னிலங்கை நகரங்களிற் கடை நடத்திய தீவக வணிகர் எவ்வூரில் எத்தொழில் செய்தார், எக்கோயிலுக்கு என்ன திருப்பணி ஆற்றினார் என்பனவும் அங்கே கிடைக்கும். அரசாங்க ஏட்டில் வெறும் பெயராக நின்றவர் இங்கே தந்தையாகவும் மாமனாகவும் கோயில் மணியகாரராகவும் உயிர் பெறுகிறார்.

எனினும் இதனை அளவிறந்து புகழ்தலும் நேர்மையாகாது. கல்வெட்டுப் பாடல்கள் பெரும்பாலும் ஓர் அச்சில் வார்த்தவை. இறந்தார் எல்லாரும் கொடையிற் கன்னராகவே தோன்றுவர். குடும்பத்துப் பிணக்கும் கோயில் வழக்கும் கடனும் அங்கே இடம்பெறா. பெண்ணொருத்தியின் வாழ்க்கை இன்னார் மகள், இன்னார் மனைவி என்னும் அளவிற் சுருங்குவதும் உண்டு. யாவற்றினும் பெரிய குறை ஒன்றுளது. புலவரை அழைத்துப் பாடுவிக்கவும் அச்சகத்துக்குக் கூலி கொடுக்கவும் வல்லார்க்கே கல்வெட்டு வாய்த்தது. வலை வீசியோர், மரம் ஏறியோர், பிறர் வயலில் உழைத்தோர் ஆகியோரின் வீடுகளிற் சாவு நேர்ந்தது. கல்வெட்டு அரிதாகவே தோன்றியது. அரசன் கல்லில் மக்கள் இல்லை. மக்கள் கல்வெட்டிலும் எல்லா மக்களும் இல்லர்.

இனி, உள்ளவற்றைக் காத்தல் பற்றிக் கூறுவாம். நயினாதீவுச் சாசனம் தன் ஆணையைக் கல்லிலும் செம்பிலும் பொறித்ததாகத் தானே கூறுகின்றது. செம்பு நம் கைக்கு எட்டவில்லை, கல் எட்டியது. ஒரு பொருளை ஒரே படியாய் ஓரிடத்தில் வைத்தல் ஆகாது என்பதை அம்மன்னன் அறிந்திருந்தான். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறிடத்தும் படி இருந்தவற்றை மீட்டும் வாங்கலாம். ஒற்றைப்படியாய் இருந்த ஏடுகளை எங்கே வாங்குவது?

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913–1980) ஐரோப்பிய நூலகங்களிற் பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடியவர். 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாகிய புரோயென்சா பாதிரியாரின் தமிழ்ப் போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்திற் பேணப்பட்டிருந்தது. அதனை நிழற்படிவமாக 1966இல் அடிகள் வெளிக்கொணர்ந்தார். அதனால் ஒரு நூலகத்தில் உறங்கியது பல நூலகங்களின் உடைமை ஆயிற்று. தீவகத்து மைந்தர் ஒருவர் அயல்நாட்டிற் செய்த இப்பணி தீவகத்துக்கும் செய்யப்படுதல் வேண்டாவோ?

ஓரளவு செய்யப்பட்டே வருகிறது. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களோடு பாடசாலை மலர்களையும் கும்பாபிடேக மலர்களையும் நினைவு மலர்களையும் மின்படிகளாக்கி எவரும் விலையின்றிப் படிக்குமாறு வைத்துள்ளது. பழந்தாள் என ஒதுக்கப்பட்டதை ஆவணம் என ஏற்றமையே அதன் தலையாய சிறப்பு. 1990, 1991ஆம் ஆண்டுகளில் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தனர். பூட்டிய வீடுகளிற் பெட்டகமும் ஏடும் தங்கின, கூரை விழுந்தது, கறையான் புகுந்தது. அன்று எஞ்சியதும், புலம்பெயர்ந்தார் பெட்டியிற் கொண்டு சென்றதும் இன்று மின்படியில் ஒருங்கு சேர இயல்வது பெரும்பேறே.

ஆயினும் படியெடுத்தல் பணியின் பாதியே. ஊராத்துறைக்குரிய ஆணை நயினாதீவில் நிற்கக் காண்கிறோம். அக்கல் முதலில் நாட்டப்பட்ட இடம் யாது என்னும் வினா அதனால் எழுகிறது. நாட்டிய இடம் அதிலேயே குறிக்கப்பட்டிருப்பின் அவ்வினாவுக்கு இடமில்லை. நாம் இன்று சேர்க்கும் ஒவ்வொரு தாளுக்கும் இதே குறை நேராதிருத்தல் வேண்டும். எந்த ஊர், எந்த வீடு, எவர் கையிலிருந்து வந்தது, படத்தில் நிற்போர் யாவர் என்பன எழுதப்படாத மின்படி, முகவரியற்ற கடிதம் போல்வது. அச்சேறாத வாழ்க்கையோ படியெடுத்தற்கும் கிட்டாது. தோணிக்காரரின் காற்றறிவும், நெடுந்தீவில் முருகைக்கல்லை அடுக்கி வேலி கட்டும் கைத்திறனும், முதியோர் வாயில் எஞ்சிய தாலாட்டும் ஒப்பாரியும், சொல்வாரிடம் சென்று கேட்டுப் பதிந்தாலன்றி நில்லா.

இப்பணிக்குப் பேரறிஞர் வேண்டுவதில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், பாட்டனாரின் பெட்டகத்திலுள்ள கல்வெட்டு ஒன்றைக் கறையானுக்கு முன் கையில் எடுப்பாராக. அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாய்ப் பாட்டியாரிடம் படித்துக் காட்டி, அவர் சொல்வனவற்றை எழுதிக்கொள்வாராக. பின்னர் ஒரு வினா எஞ்சும்: அயலில் வாழ்ந்து இறந்த எவர்க்குக் கல்வெட்டு இல்லை? அவ்வினாவுக்கு விடை கூறவல்ல முதியோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். கல் காத்திருந்தது, எண்ணூறு ஆண்டு. மனிதர் அங்ஙனம் காத்திரார்.